தேசிக்காயும் நீலக்கோடும்

சென்ற வார அத்தியாயத்தில் துஷாந்தின் ஆட்டோவுக்குள் ஒரு பையை ஏற்றிவிட்டு நாம் பாட்டுக்கு நம் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். தவமணியால் அப்படி இருக்க முடியுமா? பை அவளுடையது அல்லவா!

பையைக் கட்டியவள் மாமியார் மீனம்மா. "ஒரு மாசம் ராகலையில ஒங்கம்மா வீட்டுல இருந்து ஒடம்பத் தேத்திக்கிட்டு வா" என்று சொல்லித்தான் கட்டினாள். கேட்பதற்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் குருந்துமலைத் தேயிலைத் தோட்டத்தில் இப்படி ஒரு மாதத்துக்கென்று தாய்வீடு போன மருமகள்களை மறுபடி லயத்து வீட்டு வாசலில் கண்டவர்கள் இல்லை. அது துஷாந்துக்கும் தெரியும். தெரிந்தும் அந்த ஆண்பிள்ளைச் சிங்கம் தன் பெண்டாட்டியின் பையை வாய் திறக்காமல் வாங்கி, வண்டியின் பின்சீட்டில் வைத்தது.

தவமணி செய்த குற்றம் என்ன? மலை ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்கியது. மற்றப் பெண்கள் ஒரு நிரையை முடித்து அடுத்த நிரைக்குத் திரும்பும்போது அவள் பாதி வழியில் கூடையோடு நின்றுகொண்டிருப்பாள். மாலையில் கொழுந்து நிறுக்கும்போது எடை குறையும். கணக்கப்பிள்ளை முழுப் பேர் போடாமல் அரைப் பேர் போடுவார். நாள் முழுக்க மலையில் நின்றவளுக்குப் பாதி நாள் சம்பளம். அது போதாதென்று 'அரைப்பேர்க்காரி' என்ற பட்டம் வேறு.

"மூச்சு வாங்காத பொம்பள இந்த மலையில எவ இருக்கா? எனக்குந்தான் வாங்குது. நான் என்ன தம்பட்டம் அடிச்சுக்கிட்டாத் திரியிறேன்?" என்பது மீனம்மாவின் கட்சி.

மீனம்மா கெட்டவள் இல்லை. காய்ச்சலோடு மலைக்குப் போய் முழுப் பேர் வாங்கி வந்தவள். அரைப் பேர் என்பதை அவள் வாழ்நாளில் கண்டதில்லை. தன்னைப் போலவே எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கவேண்டும் என்று நினைத்தாள், அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' தவமணியின் வாழ்க்கையையே பந்தாடிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில்தான் மீனம்மாவின் மகள் லோஜினி குறுக்கே வந்து விழுந்தாள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ரசாயனம் படித்து அங்கேயே ஆராய்ச்சி செய்கிறவள். அவள் ஒரு பெட்டியோடு ஊருக்கு வந்ததும், வழியில் சோதனைச்சாவடிச் சிப்பாய் அவளுடைய மருந்துப் போத்தலை எடுத்து "மே மொனவாத?" என்று, இது என்னவென்று, சிங்களத்தில் கேட்டு முகர்ந்து பார்த்துத் தும்மியதும் சென்ற வாரச் சங்கதி.

பெட்டிக்குள் இருப்பவை விரல் நீளக் காகிதத் துண்டுகள். இதயம் திணறும்போது அது ரத்தத்தில் ஒரு புரதத்தைக் கசியவிடும். ஒரு சொட்டு ரத்தத்தில் அந்தப் புரதம் இருக்கிறதா என்று காட்டுவது துண்டின் வேலை. இருந்தால் நீலக்கோடு விழும். அந்த நீலத்தை வரவழைக்க வழக்கமாக நொதி என்ற ஒன்றைச் சேர்ப்பார்கள். அது செடிகொடியிலிருந்து எடுப்பது, செல்லப்பிள்ளை மாதிரி. ஐஸ்பெட்டியை விட்டு வெளியே வந்தால் வாடிப்போகும். லயத்தில் ஐஸ்பெட்டிக்கு எங்கே போவது? அதனால் லோஜினி நொதிக்குப் பதிலாக மிக நுண்ணிய இரும்புத் துகள்களைச் சேர்த்திருந்தாள். நொதி செய்கிற அதே வேலையை அந்தத் துகள்களும் செய்யும், வெயிலுக்கும் வாடாது, குளிருக்கும் நடுங்காது. இரும்பு இப்படியெல்லாம் வேலை செய்யும் என்று உலகத்துக்குத் தெரிந்தது 2007இல், இன்றைக்கு இரண்டு வருடம்தான் ஆகிறது.

"இரும்புத் துருவ வச்சு வைத்தியமா? துரு டாக்டரம்மா வாராங்க, வழி விடுங்க!" என்று துஷாந்த் கேலி செய்தான். பெண்டாட்டி விஷயத்தில் திறக்காத வாய் தங்கையைக் கேலி செய்ய மட்டும் நன்றாகத் திறந்தது.

அண்ணியையும் பரிசோதிக்கவேண்டும் என்று லோஜினி கேட்டபோது மீனம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "டிஸ்பென்சரியில பாத்தாச்சு. ரத்தம் கொறைவுன்னு குளுசை குடுத்தாச்சு. மருமகளச் சீக்காளின்னு ஊர் முன்னால நிறுத்த என்னால முடியாது" என்றாள். இரவெல்லாம் மல்லுக்கட்டியபின் ஒரு பேச்சுக்கு மட்டும் இறங்கி வந்தாள். "மொதல்ல ஊர்ப் பொம்பளைங்களுக்குப் பாரு. ஒன் மருந்து ஒழுங்கா வேல செஞ்சா அவளுக்கும் குத்து. செய்யாட்டி ஆட்டோ ராகலைக்குப் போகும்."

ஊர்ப் பெண்களுக்குப் பார்ப்பதற்கென்று குறித்த ஞாயிற்றுக்கிழமைதான் இன்று.

கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் திருவிழாக் கூட்டம். தராசுக்குப் பக்கத்தில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, துண்டுகளை அடுக்கியிருந்தாள் லோஜினி. டிக்கோயா ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் சிவரூபன் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மலைநாட்டுக்கு வேலைக்கு வந்து வருடங்கள் பல ஆகியும் பேச்சு மட்டும் இன்னும் யாழ்ப்பாணத்திலேயே தங்கியிருந்த மனிதர்.

"பிள்ளை, முதல்லை எனக்குக் குத்துங்கோ. டொக்டருக்கு ஊசி நோகாதெண்டு சனம் நினைச்சுக்கொண்டிருக்கு" என்று விரலை நீட்டினார். குத்தியதும் "ஆ!" என்றார். பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

ரத்தச் சொட்டைத் துண்டில் வைத்து, அதன்மேல் போத்தலிலிருந்து ஒரு துளி விட்டாள் லோஜினி. துண்டில் கோடு விழ இரண்டு இடம் உண்டு. மேல்கோடு எல்லோருக்கும் விழவேண்டும். துண்டு சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. கீழ்க்கோடு இதயம் திணறுகிறவர்களுக்கு மட்டும், அதுவும் சற்றுத் தாமதமாகத்தான் வரும்.

டாக்டருக்கு மேல்கோடு பளிச்சென்று விழுந்தது. துஷாந்துக்கும் விழுந்தது. லோஜினிக்கு நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி.

"அடுத்தது நான்" என்று ராக்காயி வந்து உட்கார்ந்தாள். தவமணிக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவள். ஸ்பிரிட் பஞ்சால் விரலைத் துடைத்து, குத்தி, சொட்டை வைத்தாள் லோஜினி.

கோடு வரவில்லை.

"என்ன பாப்பா, எனக்கு ஒண்ணையும் காணோம்?"

"கொஞ்சம் பொறுங்கக்கா."

பொறுத்தும் வரவில்லை. இன்னொரு துண்டு எடுத்தாள். அதுவும் வெள்ளை வெளேரென்று இருந்தது. அடுத்த பெண்ணுக்கும் வரவில்லை, அதற்கடுத்தவளுக்கும் வரவில்லை. "தள்ளுங்கடி, நான் ஒக்கார்றேன்" என்று மீனம்மாவே வந்து விரலை நீட்டினாள். பெற்ற தாய்க்கும் அந்தத் துண்டு இரக்கம் காட்டவில்லை.

கூட்டத்தில் கிசுகிசுப்பு எழுந்தது.

"ஆம்பளைங்களுக்குத்தான் விழுமோ?"

"நம்ம ரத்தத்துல என்னடி சத்து இருக்கு? ரொட்டியும் தேத்தண்ணியும் குடிச்ச ரத்தம். அதான் கோடும் வெளிறிப் போச்சு."

அந்தப் பேச்சைக் கேட்டதும் மீனம்மாவுக்குச் சுருக்கென்றது. "எங்க ரத்தத்துக்கு என்னா கொற? இந்த மலை பூராவும் எங்க ரத்தந்தான்!" என்று யாரையோ பார்த்துச் சீறினாள். சீறினாளே தவிர, மகளின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

டாக்டர் எழுந்து வந்து மெதுவாகச் சொன்னார். "பிள்ளை, குறை நினைக்காதேங்கோ. ஆய்வுகூடத்திலை சரியா வாறது வெளியிலை வராமல் போறது புதிசில்லை. இண்டைக்குக் கட்டி வையுங்கோ. என்ன பிழையெண்டு பாத்திட்டு இன்னொரு நாளைக்கு வருவம்."

நல்ல மனிதர், நல்லபடியாகத்தான் சொன்னார். ஆனால் இன்னொரு நாள் என்பது லோஜினிக்கு உண்டு, அவள் துண்டுகளுக்கு உண்டு. தவமணிக்கு ஏது இன்னொரு நாள்? மடுவத்துக்குக் கீழே ஆட்டோ நிற்கிறது. அதன் பின்சீட்டில் பை இருக்கிறது. பேச்சுப் பேச்சாக இருக்கவேண்டும் என்று மீனம்மா கேட்டால் என்ன பதில் சொல்வது?

லோஜினி மடுவத்துக்குப் பின்னால் போய்த் தண்ணீர்ப் பீலியருகே நின்றுகொண்டாள். அழக்கூடாது என்று நினைத்தவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பின்னாலேயே மீனம்மா வந்தாள்.

"அழுவாத பாப்பா. போனாப் போவுது. ஒன்ன அம்புட்டுத் தூரம் படிக்க வச்சது இப்புடி நின்னு அழுவுறதுக்கா?"

சேலைத் தலைப்பைத் தேடக்கூட அவளுக்குப் பொறுமையில்லை. இரண்டு உள்ளங்கைகளாலும் மகளின் முகத்தைத் துடைத்தாள்.

லோஜினியின் அழுகை சட்டென்று நின்றது. தாயின் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனாள்.

"அம்மா, கையில என்ன?"

"என்னா?"

"மணக்குதே!"

"தேசிக்காய்தான். நீதான போன்ல சொன்ன, கொழுந்துக் கறையோட வந்தா கோடு வராது, கையச் சுத்தமாக் கழுவிட்டு வரச் சொல்லுங்கன்னு? சவுக்காரம் போட்டா இந்தக் கறை போயிருமா? ஒங்கண்ணன அட்டன் மார்க்கட்டுக்கு அனுப்பி ஒரு பை தேசிக்காய் வாங்கியாந்து, காலையில எல்லாருக்கும் பாதி பாதியா அரிஞ்சு குடுத்தேன். ஒருத்தி விடாம நகக்கண்ணு வரைக்கும் தேச்சுட்டுத்தான் வந்திருக்காளுக. டாக்டர் தொட்டுப் பாக்குற கை. கறுப்பா இருந்தா யாருக்குக் கேவலம்? எம் மகளுக்கில்ல!"

லோஜினி தாயின் விரல்களை விரித்துப் பார்த்தாள். எத்தனையோ வருடக் கறை போய், கல்யாணப் பெண்ணின் கை மாதிரி வெளுத்திருந்தது. ஆனால் கொழுந்து கிள்ளிக் கிள்ளி வெடித்த விரல்நுனிகளில், அந்த வெடிப்புக்குள் எல்லாம், தேசிக்காய்ச் சாறு, அந்த எலுமிச்சைப் புளிப்பு, ஊறிக் கிடந்தது. ஒரு துடைப்பில் ஸ்பிரிட் பஞ்சால் அதை எடுக்க முடியுமா? குத்தியதும் ரத்தத்தோடு சாறும் சேர்ந்து துண்டுக்குள் இறங்கியிருக்கிறது. தேயிலைச் சாறு நீலத்தைக் கெடுக்கும் என்பதை ஆய்வுகூடத்தில் பார்த்துவிட்டுத்தான் அவள் கைகழுவச் சொன்னாள். கழுவச் சொன்னால் தன் தாய் எதைக்கொண்டு கழுவுவாள் என்று அவள் யோசிக்கவில்லை. இந்த லயத்தில் பிறந்தவளுக்கே அது தோன்றாமல் போய்விட்டது!

லோஜினி வாய்விட்டுச் சிரித்தாள்.

"அய்யோ, பிள்ளைக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சே!" என்று மீனம்மா பதறினாள். லோஜினி அவளைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு மடுவத்துக்கு ஓடினாள்.

"யார்கிட்டயாவது தேசிக்காய் மிச்சம் இருக்கா?"

ராக்காயி இடுப்புச் செருகலில் இருந்து ஒரு பாதியை எடுத்தாள். "ரத்தத்தப் பாத்துத் தல சுத்துனா மோந்து பாக்கலாமுன்னு வச்சிருந்தேன்."

மேசையில் டாக்டரின் துண்டு நீலக்கோட்டோடு கிடந்தது. லோஜினி அதைத் தூக்கி எல்லோரும் பார்க்கப் பிடித்துக்கொண்டு, கோட்டின்மேல் தேசிக்காயை ஒரு பிழி பிழிந்தாள். நீலம் வெளிறியது. இன்னும் வெளிறியது. பிறகு அங்கே கோடு இருந்த சுவடே இல்லை.

மடுவமே வாயைப் பிளந்தது.

"துண்டுல பிழை இல்லீங்க டாக்டர்" என்றாள் லோஜினி. "எங்க ரத்தத்துலயும் ஒரு கொறையும் இல்ல. எல்லாம் எங்கம்மாவோட தேசிக்காய் செஞ்ச வேல."

டாக்டர் சிவரூபன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி துண்டைப் பார்த்தார். "அட கடவுளே! எனக்கு மரியாதை செய்யப் போய் எல்லாருமாச் சேர்ந்து சோதனையைக் கவிழ்த்துப் போட்டியளோ?" என்று அவர் சிரிக்கத் தொடங்கியதும் மடுவத்தில் சிரிக்காத ஆள் இல்லை. மீனம்மா மட்டும் முழித்துக்கொண்டு நின்றாள்.

"விரல் வேண்டாம்" என்றாள் லோஜினி. "தேசிக்காய் படாத எடமாப் பாத்துக் குத்துறேன். எல்லாரும் காதக் காட்டுங்க."

"காதா? பேரன் பேத்தி எடுத்த வயசுல எனக்குக் காதுகுத்தா?" என்று ராக்காயி கூவினாள். "தாய்மாமன் மடிக்கு நான் எங்க போவேன்?"

"மாமனா நான் நிக்கிறன்" என்றார் டாக்டர். "சீர்வரிசை மட்டும் கேக்காதேங்கோ."

சிரித்தார்களே ஒழிய, முதலில் காதைக் கொடுக்க யாரும் முன்வரவில்லை. மீனம்மாதான் முன்னுக்கு வந்தாள். தன்னால் வந்த வினை என்று உறைத்துவிட்டது போலும். "எங்காதுல குத்து" என்று தோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கண்ணை இறுக மூடினாள்.

சொட்டு, துளி. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

மேல்கோடு விழுந்தது. கண்ணுக்கு மை இழுத்த மாதிரி, ஒரு பிசிறு இல்லாமல்.

"வந்திருச்சு!" என்று கத்தியது துஷாந்த். துரு டாக்டரம்மாவின் அண்ணன் தராசுத் தட்டில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். பெண்கள் கைதட்டினார்கள். எங்க ரத்தமும் நீலமாகும் என்று அவர்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம். ராக்காயி குலவையே போட்டுவிட்டாள். அந்தச் சத்தத்தில் மீனம்மாவின் துண்டு மேசை ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. அதற்குப் பிறகு காதுகள் வரிசையில் வந்தன. குத்தக் குத்த மேல்கோடு விழுந்துகொண்டே இருந்தது. லோஜினிக்குக் கை ஓயவில்லை.

தேத்தண்ணிக் கேத்தலோடு தவமணி வந்தது இந்தக் களேபரத்துக்கு நடுவில்தான்.

டாக்டருக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வரும்படி மாமியார் உத்தரவு. லயத்திலிருந்து மடுவத்துக்கு ஏறும் படிகளில் அவள் இரண்டு தடவை நின்று நின்று வந்திருந்தாள். கடைசிப் படியில் கேத்தலை வைத்துவிட்டு, தூணைப் பிடித்துக்கொண்டு, வாயால் மூச்சு விட்டாள். கும்பலைப் பார்த்ததும் உடனே நிமிர்ந்து சாதாரணமாக இருப்பவள் போல் முகத்தை வைத்துக்கொண்டாள். இத்தனை நாளாக அவள் பழகிய வித்தை அது.

லோஜினி தாயைப் பார்த்தாள். மீனம்மா பேச்சு மாறுகிறவள் இல்லை.

"பேசுனது பேசுனதுதான். குத்து" என்றாள்.

"எனக்கு வேணாம் லோஜினி" என்றாள் தவமணி. "ஒண்ணும் இல்லைன்னு வந்துருச்சுன்னா, அப்புறம் நான் சும்மா நடிச்சேன்னு ஆயிரும்."

அதுதான் அவளுடைய பயம். நோயைக் கண்டு அவள் பயப்படவில்லை. நோய் இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்றுதான் பயந்தாள். அவளை அந்த நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் அத்தனைபேரும் அந்த மடுவத்தில்தான் இருந்தார்கள்.

துஷாந்த் முன்னால் வந்தான். எல்லோர் முன்னிலையிலும் பெண்டாட்டியின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தான். "என்ன வந்தாலும் நான் இருக்கேன், தவமணி. தங்கச்சி, குத்து." வெட்கங்கெட்ட பயல், இதைச் சொல்ல இவ்வளவு நாளா? போகட்டும், இன்றைக்காவது வாய் திறந்தானே!

மேல்கோடு உடனே விழுந்தது. இப்போது யாரும் கைதட்டவில்லை. எல்லோருடைய கண்ணும் கீழே இருந்தது.

டாக்டருக்கு ஊற்றிய தேத்தண்ணியில் ஆவி அடங்கிவிட்டது. தவமணி துண்டைப் பார்க்காமல் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி" என்றாள் லோஜினி.

கீழே நிழல்போல ஏதோ தெரிந்தது. நிழல் கோடாயிற்று. கோடு மேலே இருந்ததைவிட அழுத்தமாக, கருநீலமாக, கேட்காமலே சாட்சி சொல்ல வந்த ஆள் மாதிரி அசையாமல் நின்றது.

டாக்டர் தேத்தண்ணியை வைத்துவிட்டுக் குழாயை எடுத்தார். தவமணியின் நெஞ்சில் வைத்தார், இடப்பக்கமாகச் சாயச் சொல்லி மறுபடி வைத்தார், கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் கேட்டார்.

"சின்ன வயசிலை காய்ச்சலோடை மூட்டெல்லாம் வீங்கிக் கிடந்தியளோ?"

"ஆமாங்க. பள்ளிக்கூடம் போன நேரம். ராகலையில அப்ப நடக்கவே ஏலாமக் கெடந்தேன்."

"அந்தக் காய்ச்சல் போகேக்கை இதயத்துக்குள்ளை ஒரு கதவைச் சுருக்கிப்போட்டுப் போயிருக்கு. இந்தப் பிள்ளை பாதி திறந்த கதவோடைதான் இவ்வளவு நாளும் மலை ஏறியிருக்கிறா." அவர் மீனம்மாவின் பக்கம் திரும்பினார். "கஷ்டம் வரமுந்திப் பிடிச்சிட்டம். கதவை அகட்டிவிடலாம். இண்டைக்கே டிக்கோயாவுக்கு வரட்டும், நாளைக்குக் கண்டிக்கு அனுப்புறன். பயப்பட ஒண்டும் இல்லை."

துஷாந்த் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தான். தவமணி அழவில்லை. அவள் முகத்தில் வந்தது சிரிப்பு. கல்யாணமாகி வந்த நாலு வருடமாக இந்தத் தோட்டம் காணாத சிரிப்பு.

"டாக்டர் ஐயா" என்றாள். "நீங்க இப்ப சொன்னத எல்லாருக்கும் கேக்குற மாதிரி இன்னொரு தடவ சொல்லுவீங்களா?"

டாக்டருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து நின்று, மேடைப் பேச்சுக்காரர் மாதிரி குரலை உயர்த்தினார். "எல்லாரும் கேளுங்கோ! தவமணிக்கு இருக்கிறது இதய வருத்தம். இந்த இதயத்தோடை அரைப் பேர் எடுத்ததே பெரிய காரியம். நாங்களெண்டால் அந்தப் படியே ஏறியிருக்க மாட்டம்!"

ராக்காயி ஓடிவந்து தவமணியைக் கட்டிக்கொண்டாள். "நானுந்தாண்டி ஒன்ன அரைப்பேர்க்காரின்னு கூப்புட்டேன். என் வாயில புண்ணு வைக்க!" என்று அழுதாள். இன்னும் இரண்டுபேர் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். சிரிப்பும் அழுகையும் கலந்து மடுவத்தில் யார் எதற்கு அழுகிறார்கள் என்றே தெரியவில்லை. டாக்டர் லோஜினியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பிள்ளை, அடுத்த ஞாயிறு மற்றத் தோட்டத்துக்கும் போவம். ஆனா ஒண்டு, உங்கட அம்மாவுக்கு முதலே சொல்லிப்போடுங்கோ, தேசிக்காய் வேண்டாமெண்டு."

லோஜினிக்குத் தலைகால் புரியவில்லை. ஐஸ்பெட்டி இல்லாமல், மின்சாரம் இல்லாமல், கொழுந்துத் தராசுக்குப் பக்கத்தில் வைத்துத் தன் துண்டு பேசிவிட்டது. பேசியதும் வேறு எங்கும் இல்லை, தன் வீட்டில்.

துஷாந்த் ஆட்டோவின் பக்கம் ஓடினான். பையை இறக்கவில்லை. "ராகலைக்கு இல்ல, டிக்கோயாவுக்கு!" என்று மேலே பார்த்துக் கத்தினான். "வெளங்குச்சா, டிக்கோயாவுக்கு!" தோட்டத்துக்கே கேட்டிருக்கும்.

கூட்டம் ஆட்டோவைச் சுற்றி இறங்கிவிட்டது. லோஜினி பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனாள். கேத்தலை எடுக்க மறந்துவிட்டதென்று தவமணி மட்டும் மெதுவாகத் திரும்பி வந்தாள்.

மடுவத்துக்குள் மீனம்மா தனியே உட்கார்ந்திருந்தாள். மருமகளைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள், எழவில்லை. "நான் ஒன்னத் தப்பா நெனச்சுட்டேன், தவமணி" என்றாள். மீனம்மா மன்னிப்புக் கேட்பதா? நமக்கே ஆச்சரியமாக இருக்கும்போது தவமணிக்கு எப்படி இருந்திருக்கும்! "அத்தை, அதெல்லாம் எதுக்கு?" என்று அவள் கேத்தலுக்குக் குனிந்தாள். குனிந்தபோதுதான் மாமியாரின் கையைப் பார்த்தாள்.

அதில் ஒரு துண்டு இருந்தது. மேசை ஓரத்துக்குத் தள்ளப்பட்ட துண்டு. மேலே மை இழுத்த மாதிரி ஒரு கோடு. கீழே, மங்கலாக, ஆனால் பார்க்கத் தெரிந்த கண்ணுக்குத் தெரியும்படி, இன்னொன்று.

மீனம்மா சட்டென்று விரல்களை மூடினாள்.

"அண்ணி!" வெளியிலிருந்து லோஜினியின் குரல். "ஒரு துண்டு கொறையுது. மேசைக்குக் கீழ கெடக்கா பாருங்க!"

"வாயத் தொறக்காத" என்று மீனம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "எனக்கு ஒண்ணும் இல்ல. வெளங்குதா? பிள்ள இன்னைக்குத்தான் சிரிக்கிறா. அதக் கெடுத்துறாத."

நாலு வருடமாக மாமியாரின் சொல்லுக்கு மறுசொல் சொல்லாதவள் தவமணி. கேத்தலைக் கீழே வைத்தாள். மாமியாருக்குப் பக்கத்தில், அவள் தோளோடு தோள் படும்படி, உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. கூர்ந்து கேட்டால் பக்கத்திலிருந்தவளுக்கும் வாங்கியது.

"அத்தை" என்றாள். "ஒரு பைதான் கட்டி வச்சீங்க. போயி இன்னொண்ணு கட்டுங்க."

கீழே துஷாந்த் ஆட்டோவைக் கிளப்பி ஹாரனை அடித்தான். மீனம்மாவின் விரல்கள் இன்னும் மூடியபடியே இருந்தன.